மணி அடிப்பதற்கு முந்தைய ஏழு நிமிடம்: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், பள்ளத்தூர் பக்கத்துப் பள்ளிகளில் புதிதாகப் பாடம் எடுக்க வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பயிற்சிக்கு வந்திருக்கலாம். உதவிபெறும் பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ இந்த ஜூனில்தான் சேர்ந்திருக்கலாம். யாராக இருந்தாலும் முதல் மாதத்திலேயே ஒரு சிக்கல் உங்கள் முன் வந்து நிற்கும். பாடம் நன்றாகப் போகும், வகுப்பே தலையாட்டும், "புரிஞ்சிருச்சு சார்" என்று சேர்ந்து குரல் வரும். மறுநாள் அதே கேள்வியைக் கேட்டால் முன் வரிசையில் நாலு கை மட்டும் உயரும்.

பாடத்தை எப்படித் தொடங்குவது என்று சொல்லித்தர எல்லா இடத்திலும் ஆள் உண்டு. எப்படி முடிப்பது என்பதற்குப் பாடக்குறிப்பில் தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு என்று மூன்று தலைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் கேட்டும் பார்த்தும் செய்தும் தெரிந்துகொள்ள நெடுநாள் ஆயிற்று. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. வகுப்பின் கடைசி நிமிடங்களில் ஆசிரியர் பாடத்தைச் சுருக்கித் திரும்பச் சொன்னால், அன்று கற்றதை நினைவுபடுத்திக்கொண்டவர் ஆசிரியர்தான். புத்தகத்தை மூடிவிட்டு, பிள்ளை தன் தலைக்குள் தேடி எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தத் தேடலில்தான் பாடம் பதிகிறது. அதற்காகத்தான் கடைசி ஏழு நிமிடத்தில் ஒரு கேள்வி கேட்டு, பார்க்காமல் விடை எழுதச் சொல்கிறோம்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே பகுதியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்துவிட்டு, பிறகு பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது. இரண்டு முறை படித்தவர்களுக்கு 42, பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56. வகுப்பு முடிகிற நேரத்தில் "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவதை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இந்த நாலு எண்கள் போதும்.

1. முதலில் நேரத்தை ஒதுக்குங்கள்

பாடவேளை பெரும்பாலும் 40 நிமிடம், சில பள்ளிகளில் 45. இதில் முந்தைய ஆசிரியர் வெளியே போய் நீங்கள் உள்ளே வந்து, பிள்ளைகள் நோட்டை எடுத்து அமர்வதற்குள் நாலைந்து நிமிடம் போய்விடும். கடைசி ஏழு நிமிடத்தை ஒதுக்கினால் பாடத்துக்குக் கிடைப்பது 28 நிமிடம்தான். "28 நிமிடத்தில் எதை முடிப்பது?" என்ற பயம் வரும். அந்தப் பயத்தை வைத்தே பாடத்தைத் திட்டமிடுங்கள்: ஒரு பாடவேளைக்கு ஒரு கருத்து, கூடிப்போனால் இரண்டு. மூன்றாவது கருத்து மறுநாளுக்கு.

கைக்கடிகாரத்தை மட்டும் நம்பினால் நடக்காது, பாடம் சூடுபிடித்தால் நேரம் நம் கண்ணில் படாது. வகுப்பில் ஒரு பிள்ளையை நேரக்காப்பாளர் ஆக்குங்கள். மணி அடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போது எழுந்து நிற்பது அவர் வேலை. வாரம் ஒருவர். பின் வரிசைப் பிள்ளைகளுக்கு இதை முதலில் கொடுங்கள், கொடுத்த பொறுப்பைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடைசிப் பாடவேளையில் இதைக் கடைசி ஏழு நிமிடத்தில் வைக்காதீர்கள். டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டிய ஊர்கள் நம் பக்கம் நிறைய. குன்றக்குடிப் பக்கமோ கல்லல் பக்கமோ போகிற பிள்ளையின் பை மணி அடிக்கும் முன்பே தோளில் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் என்ன எழுதச் சொன்னாலும் கிறுக்கல்தான் கிடைக்கும். கடைசிப் பாடவேளை என்றால் 25-ஆவது நிமிடத்தில் நினைவுகூரலை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே தொடங்கி வையுங்கள்.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

செலவே இல்லாத வழி: ரஃப் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி அங்கிருந்து எழுதச் சொல்வது. நாள் போட்டு, கோடு கிழித்து, ஒரு நாளைக்கு நாலு வரி. ஆனால் எல்லோர் நோட்டையும் தினமும் வாங்கிப் பார்க்க முடியாது. அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் சீட்டு முறை, அதாவது விடையைச் சிறு தாளில் எழுதி வாங்குவது, வையுங்கள்.

ஒரு ஏ4 தாளை எட்டாக வெட்டினால் 40 பிள்ளைகளுக்கு 5 தாள் போதும். உங்களுக்கு ஐந்து வகுப்புகள் என்றால் வாரத்துக்கு 50 தாள். 500 தாள் கொண்ட ஒரு ரீம் பத்து வாரம் வரும். கடைக்குக் கடை விலை மாறும், சுமார் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்வியாண்டுக்கு நாலு ரீம் தேவைப்படும்.

அதையும் குறைக்கலாம். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் காலியாக இருந்தால் அதுவே நல்ல சீட்டு. வீட்டில் கிழித்த தாள்களைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னால் ஒரு மாதத்துக்குள் ஒரு பெட்டி நிறையும். ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் வீணான தாள்களைக் கேட்டாலே கொடுப்பார்கள். பள்ளி அலுவலகத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கும். தலைமை ஆசிரியரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

இது போக வேண்டியவை: வகுப்புக்கு ஒரு பழைய தபால் கவர், ஒரு 40 பக்க நோட்டு, ரப்பர் பேண்டு. பிள்ளைகளிடம் காசு வசூலிக்காதீர்கள், ஐந்து ரூபாய் என்றாலும் வேண்டாம். வண்ண அட்டை, லேமினேஷன், ஸ்மைலி ஸ்டிக்கர் இதற்கெல்லாம் புது ஆசிரியர்கள் முதல் சம்பளத்தில் பணம் செலவழிப்பதைப் பார்க்கிறேன். இந்த வேலைக்கு அவை தேவையே இல்லை.

3. கேள்வியை முதல் நாள் இரவே எழுதிவிடுங்கள்

இதில் சறுக்கினால் மற்றது எல்லாமே வீண். வகுப்பில் நின்றுகொண்டு அந்த நேரத்தில் யோசித்தால் வாயில் வருவது "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்பது போன்ற கேள்விதான். அதற்கு நோட்ஸில் இருக்கும் இரண்டு வரியை ஒரு பிழையும் இல்லாமல் எழுதித் தருவார்கள். புரிந்தவரும் புரியாதவரும் ஒரே பதிலை எழுதினால் அந்தக் கேள்வியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

நல்ல கேள்விக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: புரியாத பிள்ளை எழுதும் தவறான விடை என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே எனக்குத் தெரிய வேண்டும். அந்தத் தவறைப் பார்த்தவுடன் எங்கே தடம் மாறியது என்பதும் தெரிய வேண்டும்.

கணக்கில் ஓர் உதாரணம். லாப சதவீதம் நடத்தியிருக்கிறீர்கள். "800 ரூபாய்க்கு வாங்கிய கண்டாங்கிச் சேலையை 1,000 ரூபாய்க்கு விற்றால் லாபம் எத்தனை சதவீதம்?" சரியான விடை 25. ஒரு பிள்ளை 20 என்று எழுதினால், 200-ஐ அடக்க விலைக்குப் பதில் விற்ற விலையால் வகுத்திருக்கிறது. 200 என்று எழுதினால் லாபத்துக்கும் லாப சதவீதத்துக்கும் வேறுபாடே பிடிபடவில்லை. ஒரே கேள்வியில் மூன்று வகைப் பிள்ளைகள் பிரிந்துவிடுகிறார்கள். இதற்கு எண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதனால்தான் முதல் நாள் இரவு என்கிறேன்.

அறிவியலுக்கு நம் ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது. பத்தாம் வகுப்பில் வேதிவினைகளின் வகைகள் நடத்தும்போது சுட்ட சுண்ணாம்பு நீருடன் சேர்ந்து நீற்றிய சுண்ணாம்பு ஆவதைச் சொல்கிறோம். முடிவில் இப்படிக் கேளுங்கள்: "பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்பு, ஈரம் காய்ந்த பிறகும் நாள்பட நாள்பட இறுகுகிறது. காற்றிலிருந்து அது எதை எடுத்துக்கொள்கிறது? என்னவாக மாறுகிறது?" கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு கால்சியம் கார்பனேட் ஆகிறது என்று வந்தால் சரி. "தண்ணீர் காய்வதால் இறுகுகிறது" என்று வந்தால், அந்தப் பிள்ளைக்கு வேதிமாற்றம் இன்னும் கண்ணில் படவில்லை. தாவரங்களில் கடத்துதல் நடத்தினால் புதுவயல் பக்கத்து அரிசி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள்: "ஊறப்போட்ட நெல் ஏன் உப்புகிறது? வேர் நீரை உறிஞ்சுவதும் இதுவும் ஒன்றா?" உள்ளீர்த்தலும் (உலர்ந்த பொருள் நீரை உறிஞ்சி உப்புவது) சவ்வூடு பரவலும் (நீர் சவ்வைக் கடந்து போவது) தனித்தனியாகப் பிரிகிறதா என்று பார்க்கலாம்.

ஒளிச்சேர்க்கைக்கு: "ஊருணிக் கரை ஆலமரம் இவ்வளவு பெருத்திருக்கிறது. அந்தக் கட்டைக்கான பொருளில் பெரும்பகுதி மண்ணிலிருந்து வந்ததா, காற்றிலிருந்தா, காரணம் என்ன?" முதல் முறை கேட்டால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மண் என்பார்கள். அப்போதுதான் உங்களுக்கே தெரியும், பாடத்தில் எது சென்று சேரவில்லை என்று.

சமூக அறிவியலில் பருவக்காற்று என்றால் எழுத வைக்காதீர்கள், வரைய வையுங்கள்: "நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை. கேரளத்தில் ஆனி, ஆடியில். இரண்டுக்கும் காற்று வரும் திசையை அம்புக்குறி போட்டுக் காட்டு." தமிழ் இலக்கணத்தில், "'படித்த பையன்', 'படிக்காப் பையன்': ஒன்றில் வலி மிகுந்தது, மற்றதில் மிகவில்லை. ஏன்?" ஆங்கிலத்தில் "யெஸ்டர்டே ஐ கோ டு தேவகோட்டை" என்று கரும்பலகையில் எழுதி, மாற வேண்டிய ஒரே சொல்லையும் காரணத்தையும் கேட்டால் போதும்.

ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. ஆர்வத்தில் ஐந்து கேள்வி வைத்தால் அது தேர்வாகிவிடும், பிள்ளைகள் பக்கத்துத் தாளைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

4. அந்த ஏழு நிமிடம், நிமிடக் கணக்கில்

முதல் நிமிடம்: நேரக்காப்பாளர் எழுந்து நிற்கிறார். புத்தகம், நோட்டு எல்லாம் மூடிப் பைக்குள். கரும்பலகையையும் அழித்துவிடுங்கள். இதைச் செய்ய மனம் வராது, அழகாக வரைந்த படம் இருக்கும். இருந்தாலும் அழியுங்கள்; பலகையில் விடை இருந்தால் பிள்ளைகள் அதைத்தான் எழுதுவார்கள்.

அடுத்த மூன்று நிமிடம்: கேள்வியைப் பலகையில் எழுதி, ஒரு முறை வாசித்துவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள். புது ஆசிரியருக்கு இதுதான் மிகக் கடினம். வகுப்பு அமைதியானால் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் துடிக்கும், "அதான்ப்பா, நான் அப்போ சொன்னேனே..." என்று விடையின் பாதியை நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நீங்கள் எழுதவே சொல்லியிருக்கிறீர்கள், மூன்று முழு நிமிடம் கொடுங்கள். தெரியாதவர் வெறும் தாளைக் கொடுக்கக் கூடாது, "எனக்கு எதுவரை தெரியும்" என்பதை எழுத வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம், ஆறாம் நிமிடம்: பக்கத்தில் இருப்பவரிடம் எழுதியதைக் காட்டிப் பேசட்டும். இரண்டு பேரின் விடை வேறாக இருந்தால் யாருடையது சரி என்று வாதாடட்டும். இரைச்சல் வரும், வராண்டாவில் போகிறவர் எட்டிப் பார்ப்பார். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் மனத்தாங்கல் வராது. எழுதியதை இப்போது மாற்றக் கூடாது. புதிதாகத் தோன்றியதைக் கீழே கோடு போட்டு எழுதலாம்.

கடைசி நிமிடம்: நீங்கள் சரியான விடையை இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். இந்த ஒரு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். தவறான விடையோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் அதுவே பதிந்துவிடும். சொல்லி முடித்ததும் சீட்டுகளைப் பின்னிருந்து முன்னுக்குக் கைமாற்றி வாங்குங்கள்.

வாரத்தில் ஒரு நாள் கேள்வியை மாற்றி இப்படிக் கேட்பேன்: "உன் வீட்டு அப்பத்தாவுக்குச் சொல்வதுபோல, பாடப்புத்தகச் சொல் ஒன்றுகூட இல்லாமல், இன்று படித்ததை இரண்டு வரியில் எழுது." மனப்பாடத்துக்கு இங்கே வேலையில்லை. மாலையில் வீட்டில் நிஜமாகவே சொல்லிவிட்டு வரச் சொன்னால், மறுநாள் "அப்பத்தா இப்படிக் கேட்டாங்க டீச்சர்" என்று ஒரு புதுக் கேள்வியோடு வரும் பிள்ளைகள் உண்டு. அந்தக் கேள்விகளைக் கட்டாயம் எடுத்துப் பேசுங்கள்.

5. "எது புரியவில்லை?" என்று நேராகக் கேட்காதீர்கள்

ஹார்வர்டில் புள்ளியியல் கற்பித்த ஃபிரெடரிக் மோஸ்டெல்லர் வகுப்பு முடிவில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதித் தரச் சொல்வார்: இன்றைய மிக முக்கியமான கருத்து எது, மிகக் குழப்பமாக இருந்தது எது, எதைப் பற்றி இன்னும் கேட்க விருப்பம். கல்லூரிக்கு அது சரி. எட்டாம் வகுப்பில் "எது குழப்பம்?" என்று கேட்டால் "எதுவும் இல்லை" என்றுதான் வரும். புரியவில்லை என்று எழுதினால் திட்டு விழும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டது.

கேள்வியைக் கொஞ்சம் திருப்புங்கள்: "அடுத்த வருஷம் உன் தம்பியோ தங்கையோ இதே பாடத்தைப் படிக்கும்போது எந்த இடத்தில் தடுமாறுவார்கள்?" உடனே எழுதுவார்கள், சரியாகத் தங்களுக்குத் தடுமாறிய இடத்தையே எழுதுவார்கள். பெயர் எழுதாமல் தரச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரு பாடம் முடியும் நாளில் மட்டும் இதைச் செய்தால் போதும்.

6. சின்ன வகுப்புகளுக்கு

ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை எழுதச் சொல்லாதீர்கள், எழுதுவதிலேயே நேரம் முடிந்துவிடும். வாயால் சொல்வது, சிலேட்டில் ஒரு படம், கைவிரலால் விடை காட்டுவது, இவை போதும். விரலால் காட்டும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பிள்ளை காட்டியதையே வகுப்பு முழுவதும் காட்டும்.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலையிலும் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். ஒரே கேள்வியை மூன்று அளவில் வையுங்கள். கூட்டல் என்றால் அரும்புக்குப் புளியங்கொட்டையை எண்ணிக் காட்டுவது, மொட்டுக்கு எண்ணாக எழுதுவது, மலருக்குத் தானே ஒரு கதைக்கணக்கு சொல்வது. வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் வரையவோ செய்துகாட்டவோ விடுங்கள். தமிழ் எழுத வரவில்லை என்பதற்காகக் கணக்கும் வரவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது.

7. சீட்டைத் திருத்தாதீர்கள், பிரியுங்கள்

சிவப்புப் பேனாவைத் தொடவே வேண்டாம். நின்றபடியே மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: சரி, பாதி, வரவில்லை. 40 சீட்டுக்கு ஐந்து நிமிடம். சாப்பாட்டு இடைவேளையிலோ ஓய்வுப் பாடவேளையிலோ முடிந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோனால் மூட்டை சேர்ந்துகொண்டே போகும், இரண்டாவது வாரத்தில் இந்த முறையையே கைவிட்டுவிடுவீர்கள். புது ஆசிரியர்கள் பலர் இதை நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

பிரித்ததும் "வரவில்லை" அடுக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள். எல்லோரும் ஒரே தவறைச் செய்திருந்தால் பாடம் சொன்ன விதத்தில் மாற்றம் வேண்டும். ஆளுக்கொரு தவறு என்றால் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

மதிப்பெண் போடாதீர்கள். முப்பருவ முறை உள்ள வகுப்புகளில் பருவத்தின் நடுவே செய்யும் வளரறி மதிப்பீடு (அ) 20, (ஆ) 20, பருவ முடிவில் தொகுத்தறி மதிப்பீடு 60 என்று ஏற்கெனவே இருக்கிறது. இந்தச் சீட்டையும் அதில் சேர்த்தால் பிள்ளைகள் நாளையிலிருந்து உண்மையை எழுத மாட்டார்கள். நிறையப் பேர் தவறவிட்ட கேள்வியை எண்களை மட்டும் மாற்றி வளரறி மதிப்பீடு (ஆ)-வின் சிறு தேர்வில் வைக்கலாம், அது நல்ல பயன்.

8. மறுநாள் முதல் ஐந்து நிமிடம்

சீட்டு வாங்கிவிட்டு மறுநாள் அதைப் பற்றிப் பேசாமல் புதுப் பாடத்துக்குப் போனால், எழுதியதை யாரும் படிப்பதில்லை என்று பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு: மூன்றில் ஒரு பங்குக்கு மேல் "வரவில்லை" என்றால் மறுநாள் பத்து நிமிடம், வேறு உதாரணத்தோடு மறுபடி நடத்துவது. அதற்குக் குறைவு என்றால், மற்றவர்கள் ஒரு கணக்கைப் போடும் நேரத்தில் அந்த ஆறேழு பேரை முன்னால் அழைத்துப் பேசுவது. பாடக்குறிப்பில் குறைதீர் கற்பித்தல் என்ற தலைப்புக்கு நேராக எழுத வேண்டியது இதைத்தான். தவறான சீட்டை வகுப்பில் வாசிக்க நேர்ந்தால் பெயர் சொல்லாதீர்கள். கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள், அதனால் நீங்களே பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

அதே கேள்வியை ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை, கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை வகுப்பின் முடிவில் அன்றைய பாடத்துக்குப் பதில் போன வாரத்துக் கேள்வி ஒன்று என்று பழக்கப்படுத்தினால் தனியாக நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா நாட்களில் காரைக்குடி வகுப்புகளில் வருகை குறையும். பத்தாம் வகுப்புக்கு அதுதான் பொதுத்தேர்வு நேரமும். வராத பிள்ளைக்காக அன்றைய கேள்வியையும் சரியான விடை எழுதிய ஒரு சீட்டையும் கவரில் தனியாக வைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் பக்கத்துப் பிள்ளை அதை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

9. பதிவேடுகள்

பாடக்குறிப்பேட்டில் மதிப்பீடு என்ற தலைப்பின் கீழ் "வினாக்கள் கேட்டல்" என்று பொதுவாக எழுதாமல், கேட்கப்போகும் கேள்வியையே எழுதுங்கள். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போடும்போதும், வட்டாரக் கல்வி அலுவலரோ மாவட்டக் கல்வி அலுவலரோ பார்வைக்கு வரும்போதும் விளக்கம் சொல்லவே தேவைப்படாது.

40 பக்க நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரி: தேதி, வகுப்பு, கேள்வி, மூன்று அடுக்கின் எண்ணிக்கை, மறுநாள் செய்தது. இவ்வளவுதான். பெற்றோர் கூட்டத்தில் "எம் புள்ள எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்கும்போது மதிப்பெண் பட்டியலை விட, பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் அந்தப் பிள்ளையே எழுதிய இரண்டு சீட்டுகளைக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் அந்த மாற்றம் கண்ணில் தெரியும். இதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் பருவத்துக்கு இரண்டு சீட்டு எடுத்து வைத்தால் போதும், மீதியைப் பருவ முடிவில் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம்.

சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவிலோ ஸ்டேட்டஸிலோ போடாதீர்கள். நன்றாக எழுதியதைப் பாராட்டிப் போட்டாலும், விடுபட்ட பிள்ளையின் வீட்டில் அன்று இரவு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது.

10. டியூஷனும் கைடும்

பல பிள்ளைகள் மாலையில் டியூஷன் போகிறார்கள், அங்கே பாடம் முன்னாலேயே ஓடிவிடும். அதனால் சீட்டில் நீங்கள் நடத்தாத முறையில் விடை வரலாம். அதைத் தவறென்று அடிக்காதீர்கள், எப்படி வந்தது என்று சொல்லக் கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் சரி. சொல்லத் தெரியாவிட்டால் பாதி அடுக்கில் வையுங்கள்.

கைடு வரிகள் சீட்டில் அப்படியே வந்தால் பிள்ளை மீது குறையில்லை, கேள்வியை மாற்ற வேண்டும். மூன்றாம் தலைப்புக்குத் திரும்பிப் போங்கள்.

11. பயிற்சிக்கு வந்தவர்கள் எதிலிருந்து தொடங்குவது

முதல் வாரம் வகுப்பு உங்களுடையது இல்லை, அமர்ந்து கவனிக்கத்தான் போகிறீர்கள். அந்த வாரத்தில் பாட ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, பாடத்தின் முடிவில் பிள்ளைகள் எந்த இடத்தில் திணறுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விகளுக்கு அதுதான் மூலதனம்.

இரண்டாவது வாரத்தில் ஒரே ஒரு வகுப்பில், ரஃப் நோட்டு முறையில் தொடங்குங்கள். ஐந்து வகுப்பிலும் ஒரே நாளில் தொடங்கினால் கேள்வி எழுதவே இரவு போதாது. பிள்ளைகளுக்கும் பழகப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். முதல் நாலைந்து முறை "தெரியலை" என்ற சீட்டுகளே நிறைய வரும். மனம் தளராமல் தொடருங்கள். மூன்றாவது வாரத்தில் சீட்டு முறையைச் சேர்த்து, அப்புறம் ஒவ்வொரு வகுப்பாகக் கூட்டுங்கள்.

கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வரும் பேராசிரியருக்குப் பாடத்தின் தொடக்கத்தைத்தான் பெரும்பாலும் காட்ட நேரும், அவர் பாதியில் எழுந்துவிடக்கூடும். உங்கள் பதிவேட்டில் பெயரை மறைத்து மூன்று அடுக்கிலிருந்தும் ஒவ்வொரு சீட்டை ஒட்டி, மறுநாள் என்ன செய்தீர்கள் என்று கீழே இரண்டு வரி எழுதி வையுங்கள்.

பதினாறு வாரம் முடிந்து கிளம்பும் முன் அந்த 40 பக்க நோட்டையும் கவர்களையும் பாட ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த இடம் இன்னும் வரவில்லை என்று கடைசிப் பக்கத்தில் பெயர்வாரியாக எழுதிக் கொடுங்கள். வகுப்பைத் தொடர்ந்து நடத்தப்போகிறவருக்கு, அடுத்த திங்கட்கிழமை யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரியும்.